பின்கதவுப் பூட்டு

புகைக்கூடத்தின் பின்கதவைப் பூட்டியவர் எங்கள் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இதை அவர் வாயால் சொல்ல வைக்க எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்தது. இனி ஒரு வரிகூட அவருக்காகக் காத்திருக்க மாட்டேன்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் புகுந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட அவசரகாலம் அது. எங்கள் ரப்பர் தோட்டம் கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே ஏழெட்டு மைல். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் வேலைக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணின் மடியையும் வாசலில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாதாம். அதற்கும் முன்னால் பெரட்டுக்களத்தில் கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் பேர் பேராகக் கூப்பிட்டு ஆள் எண்ணுவார். சாயங்காலம் வேலி சாத்துவதற்குள் இன்னொரு தடவை எண்ணுவார்கள்.

அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார்கள். அண்ணனும் நானும் அந்தப் பாலை ஷீட்டாக்கும் ஸ்டோரில் வேலை செய்தோம். அண்ணன் புகைக்கூடத்தில், நான் பக்கத்துக் கொட்டகையில். புகைந்து வருகிற ரப்பர் ஷீட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தரம் பிரிப்பது என் வேலை. புகைக்கூடம் நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். தண்டவாளத்தில் ஓடுகிற தள்ளுவண்டியில் ஈர ஷீட்டுகளைத் தொங்கவிட்டு முன்கதவு வழியாக உள்ளே தள்ளுவார்கள். நாலைந்து நாள் கழித்து அது பின்கதவு வழியாகக் காய்ந்து வெளியே வரும். கீழே எந்நேரமும் விறகு புகைந்துகொண்டிருக்கும். ஒரு ஷீட்டு கழன்று அடுப்பில் விழுந்தால் போதும், குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

அப்படிப் பிடித்தால் அணைப்பதற்கென்று ஸ்டோரில் ஆறு பேர் இருந்தார்கள். நெருப்புக் கூட்டம் என்று பேர். என் அண்ணன்தான் அதில் முதல் ஆள். தண்ணீரில் நனைத்த கோணிச்சாக்கைத் தலைவழியாகப் போர்த்திக்கொண்டு முன்கதவில் நுழைவார்கள். எரிகிற வண்டியைத் தள்ளிக்கொண்டே பின்கதவில் வெளியே வந்து, சாக்கை உதறிவிட்டுச் சிரிப்பார்கள். வண்டி போகிற சந்தில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தாண்ட முடியாது. அதனால் நுழைந்தவன் திரும்ப மாட்டான். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. வருடக்கணக்காக அந்த வழியில் நடந்து நடந்து கால்களுக்கு வேறு வழி தெரியாமல் போயிருந்தது.

மற்றத் தோட்டங்களில் புகைக்கூடங்களுக்குக் காட்டிலிருந்து வந்தவர்கள் தீ வைத்தார்கள் என்று சேதி வந்ததும், இருட்டினால் ஸ்டோரைப் பூட்டிவிட வேண்டும் என்று போலீஸ் உத்தரவு போட்டது. இருட்டினால் என்றுதான் உத்தரவு. கிராணி இரண்டு பூட்டு வாங்கி வந்தார், ஒரே சாவி இரண்டையும் திறக்கும். முன்கதவைத் தினமும் திறந்து பூட்டினார். பின்கதவுக்குப் போக வேண்டுமென்றால் சேற்றில் இறங்கிக் கட்டடத்தைச் சுற்ற வேண்டும். வெள்ளைச் சப்பாத்து போட்டவர் அல்லவா! வண்டி வெளியே வருகிற நாளில் மட்டும் சுற்றிப் போய்த் திறப்பார். மற்ற நாளெல்லாம் பூட்டியே கிடந்தது. வண்டி வருகிற நாளில் மட்டுமே அந்தப் பக்கம் போகிற நெருப்புக் கூட்டத்துக்கு அது தெரியாது. அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை.

தீப்பிடித்த அன்று காலை பதினொரு மணி இருக்கும். கிராணி பாசிர் பெனம்பாங்குக்கு நண்டு வாங்கப் போயிருந்தார், சாவியோடு. அண்ணன் முதலில் நுழைந்தான், பின்னால் இரண்டு பேர். நான் கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டு பேரும் முன்கதவு வழியாகவே தவழ்ந்து வந்தார்கள். ஒருவரும் அப்படித் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் அவர்கள் மேல் தண்ணீர் ஊற்ற ஓடினார்கள். உள்ளே போனது எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. ஒரு பிடி அரிசியைத் தேடி என் மடியைத் தடவுகிற தோட்டத்தில், நெருப்புக்குள் போனவனை எண்ண ஆள் இல்லை. "எங்க அண்ணன் எங்க?" என்று நான் கத்தின பிறகுதான் கோடாரியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார்கள்.

அண்ணன் கதவுக்கு உட்புறம் சாய்ந்து கிடந்தான். நனைத்த சாக்கு சூட்டில் கொதித்து அவன் தோள்களை வேகவைத்திருந்தது. கோடாரி வெட்டில் கொண்டி பிய்ந்து, பூட்டு பூட்டியபடியே சேற்றில் கிடந்தது. எல்லோரும் அண்ணனைத் தூக்கினார்கள். நான் அந்தப் பூட்டை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

கிராணி நண்டுக்கூடையோடு திரும்பி வந்து தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் தொரையிடம் அறிக்கை எழுதிக் கொடுத்தார். பின்கதவு திறந்துதான் இருந்தது, செத்தவன் கள் குடித்துவிட்டு வழி தெரியாமல் விழுந்துவிட்டான் என்று. எங்கள் கள்ளுக்கடை சாயங்காலம்தான் திறக்கும்! அதைக் கேட்கப் போன அப்பாவிடம் அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"இன்னொரு வார்த்த பேசுனா, உங்க வீட்டுலருந்து காட்டுக்கு அரிசி போகுதுன்னு எழுதிக் குடுத்துருவேன். அப்புறம் ஒன்னயும் ஒம் மகளயும் போலீஸ் லோரில ஏத்திருவாங்க. யோசிச்சுக்க."

அப்பா வாயை மூடிக்கொண்டார். அந்தக் காலத்தில் ஒரு கிராணியின் பேனாவுக்கு அவ்வளவு பலம் இருந்தது. தோட்டம் முழுக்க என் அண்ணன் குடிகாரன் ஆனான். செத்தும் அவனுக்கு அந்தப் பேர்.

அம்மா சிலுவையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிரு புள்ள, ஆண்டவரு பாத்துக்குவாரு" என்பாள். நான் மன்னிக்கவில்லை. மாதம் ஒருமுறை மாதா கோயில் பூசைக்கு வரும் சாமியாரிடம், ஒருவரைக் கொல்ல ஆசைப்படுகிறேன் என்று பாவசங்கீர்த்தனம் செய்தேன். பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். பத்தும் சொன்னேன். ஆசை அப்படியே இருந்தது. பாலை உறைய வைக்கிற ஆசிட் ஸ்டோரில் ஜாடி ஜாடியாக நிற்கும். ஒருநாள் ஒரு குவளை ஆசிட்டோடு அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ஊற்றியிருப்பேன். ஆனால் ஊற்றிவிட்டால் அவர் எழுதியதே கடைசிப் பேச்சாகிவிடும். குடிகாரனின் தங்கை பைத்தியக்காரி என்பார்கள். குவளையைத் திருப்பி வைத்தேன். பூட்டு எங்கள் அடுப்புச் சாம்பலுக்கு அடியில் கிடந்தது.

இரண்டு வருடம் கழித்து கோலாலம்பூரிலிருந்து ஒரு தீயணைப்பு அதிகாரி வந்தார். இப்படிப் பல தோட்டங்களில் ஆட்கள் செத்திருந்தார்களாம். நாடு முழுக்க நெருப்புக்குள் போகிறவர்களுக்கு ஒரே விதி எழுத வேண்டும் என்று தோட்டம் தோட்டமாகப் பார்த்து வந்தார். கூடவே தமிழ் பேசுகிற உதவியாளர் ஒருவர். புகைக்கூடத்துக்கு முன்னால் மேசை போட்டுத் தொரை, போலீஸ்காரர் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி கேட்ட கேள்விக்கெல்லாம் கிராணி சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார்.

"பின்கதவ நாங்க எப்பவுமே பூட்டுறதில்ல சார்" என்றார்.

அதிகாரி வரும் சேதி கேட்டு அன்று காலை கொண்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்த பூட்டை, நான் கொட்டகையிலிருந்து நேராக நடந்து போய் மேசைமேல் வைத்தேன். "இது அந்தக் கதவுல இருந்துச்சுங்க. அவரு இடுப்புல இருக்கற சாவியப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றேன். உதவியாளர் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி கையை நீட்டினார். சாவியை எங்கேயாவது எறிந்திருக்கலாம் அந்த மனுஷன். எறிய முடியாது, முன்கதவுக்கும் அதுதானே சாவி! துருப்பிடித்த பூட்டு முதலில் முரண்டு பிடித்தது, பிறகு திறந்துகொண்டது.

"மலிவுச் சாமான் சார், எந்தச் சாவி போட்டாலும் தொறக்கும் லா" என்றார் கிராணி. அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. அதிகாரி விதி எழுத வந்தவர், தீர்ப்புச் சொல்ல வந்தவர் இல்லை. தன் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். கிராணி வேலையில்தான் இருந்தார். ஆனால் தொரையின் கண் அவர்மேல் விழுந்துவிட்டது. எங்களைப் பற்றி அவர் எதை எழுதிக் கொடுத்தாலும் இனி எடுபடாது.

சில மாதங்களில் விதி அச்சடித்து வந்தது, தமிழிலும். பெரட்டில் அதைச் சத்தமாகப் படிக்க வேண்டியவர் கிராணிதான். ஈரக்கோணி கூடாது. உள்ளே போகிறவன் இடுப்பில் கயிறு வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்வரை இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டும். வாசலில் ஒருவர் பெயர்ப்பலகையோடு நின்று பேர் கூப்பிட வேண்டும், பதில் வராமல் அடுத்த பேருக்குப் போகக் கூடாது. வராதவன் ஏன் வரவில்லை என்பதைக் கிராணி எழுதித் தொரையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். படிக்கும்போது அவர் குரல் அமுங்கியது. "கேக்கல ஐயா, சத்தமாப் படிங்க" என்றேன்.

பேர் கூப்பிடும் வேலையை நான் கேட்டு வாங்கினேன். தோட்டத்துப் பள்ளியில் எழுத்துப் படித்தவள். பலகையில், அண்ணன் இடத்துக்கு வந்தவனோடு சேர்த்து ஆறு பேரையும் எழுதி, அவர்களுக்கு மேலே ஏழாவதாக ஒரு பேரையும் எழுதினேன். தொரைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

முதல் பயிற்சி நாளில் ஆறு பேரும் கயிறு கட்டிக்கொண்டு வெயிலில் நின்றார்கள். தொரை பக்கத்தில் இருந்தார். நான் என் அண்ணன் பேரைக் கூப்பிட்டேன்.

யாரும் வாய் திறக்கவில்லை.

"அடுத்த பேரக் கூப்பிடு" என்றார் கிராணி.

"பதில் வரலியே ஐயா. பதில் வராம போகக் கூடாதுன்னு நீங்கதான படிச்சீங்க?"

"செத்தவன் பேரு அது. எல்லாருக்கும் தெரியும் லா."

"ஏன் வரலன்னு எழுதணும் ஐயா. சொல்லிட்டு எழுதுங்க."

மறுபடியும் கூப்பிட்டேன். மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன். தொரை என்ன தாமதம் என்று இங்கிலீஷில் கேட்டார். கிராணியின் சட்டைக் கழுத்து வேர்வையில் நனைந்திருந்தது. ஆறு பேரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் அவருக்கு உதவவில்லை.

"பின்கதவு பூட்டியிருந்துச்சு" என்றார் தரையைப் பார்த்து.

"யாரு பூட்டுனது?"

"நான்தான்."

"குடிச்சிருந்தானா?"

"இல்ல."

எழுதும்வரை நின்று பார்த்துவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டேன். அன்று வீட்டில் அம்மா அழுதாள். "போதும் புள்ள, இத்தோட விட்ரு" என்றாள். எனக்குப் போதவில்லை. அந்த விதியில் மாதம் ஒரு பயிற்சி என்று இருந்தது. அடுத்த மாதமும் அண்ணன் பேரைத்தான் முதலில் கூப்பிட்டேன்.