அப்பா பூக்குழியில் இறங்காத வருசம்

எனக்குப் பயம் புதிதல்ல. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படித்ததெல்லாம் மறந்துபோச்சு, பயப்பட மட்டும் மறக்கவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வருகிற ஆள். இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால், செமோர் டவுனுக்கு உள்ளே தள்ளி இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூக்குழியைத்தான் கைகாட்டுவேன்.

எழுபதுகளில் அப்பா அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தார். வருசா வருசம் தீமிதியில் கரகத்துக்கு அடுத்து முதல் ஆளாக இறங்குவது அவர்தான். அருள் வந்து, நெருப்பில் நடந்து, பால் குழியில் கால் நனைத்து ஏறுவார். அதுவரைக்கும் சரி. மறுநாள் கடைப் பலகையில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்காலையும் தூக்கிக் காட்டுவார். "ஒரு கொப்புளம் காட்டு பாப்போம்லா!"

ஒரு வருசம் பக்கத்து வீட்டு மாமா பூக்குழியில் கால் வெந்துபோய், வேலைக்குப் போகமுடியாமல் கிடந்தார். அவரையும் அப்பா விடவில்லை.

"விரதம் ஒழுங்கா இருந்தா நெருப்பு ஏன் மச்சான் சுடுது?"

கடையே சிரித்தது. மாமா மட்டும், "சிரிங்க மச்சான், சிரிங்க. ஆத்தாவுக்கும் காது இருக்கு" என்றார்.

அந்த வார்த்தை என் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வருசம் அப்பாவுக்கும் கால் சுடும் என்று அம்மாவிடம் சொன்னேன். "நல்ல நாளும் அதுவுமா வாயப் பாரு" என்று தலையில் ஒரு குட்டு விழுந்தது.

ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு அப்பா பக்கத்திலேயே நடப்பது என் வேலை. முந்தின வருசம் அருளில் ஆடிவந்தவர் என் காலை மிதித்து, கட்டைவிரல் நகமே பெயர்ந்துவிட்டது. நான் கத்தியதுகூட அவருக்குக் கேட்கவில்லை. சாமி வந்தால் பெத்த பிள்ளையும் தெரியாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

இந்த முறையும் உறுமி அடித்ததும் அப்பா ஆடினார். நாக்கைத் துருத்தினார், தலையைச் சிலுப்பினார். வழியெல்லாம் சனங்கள் அவர் காலில் விழுந்தார்கள். பூக்குழிக்குக் கிட்டே கூட்டம் நெருக்கியதில் என் கால் அவர் காலடிக்கு நேராக மாட்டிக்கொண்டது. கண்ணை இறுக மூடினேன். மிதி விழவில்லை. திறந்து பார்த்தால், தூக்கிய காலை அப்பா பார்த்து ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் குளிரெடுத்தது. இது சாமி இல்லை, வெறும் அப்பா.

எதிரே குழி செக்கச்சிவந்து கிடந்தது. சூட்டில் அதன் மேலே காற்று நெளிந்தது. கரகம் அந்தப் பக்கம் ஏறிவிட்டது. வாயைத் திறந்தால் தோட்டமே அப்பாவைக் காறித் துப்பும். திறக்காவிட்டால் வெந்துபோவார். அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து, "அப்பா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அப்பா குனிந்து என்னைப் பார்த்தார். ஆட்டம் நின்றது. "போங்கண்ணே, போங்க!" என்று பின்னாலிருந்து குரல்கள். உறுமி இன்னும் வேகமாக அடித்தது. அப்பா நிமிர்ந்து குழியைப் பார்த்தார். பிறகு குழிக்கு முன்னால் மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து பூசாரியிடம், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எனக்கு ஆத்தா வரல சாமி. ஆத்தங்கரைலேருந்து நாந்தான் ஆடிக்கிட்டு வாரேன்."

உறுமி ஓய்ந்தது. யாரோ சிரித்தார்கள். அப்பா, பூ மிதிக்க நின்றவர்கள் வரிசையின் கடைசிக்கு நடந்துபோய், அங்கே நின்ற பக்கத்து வீட்டு மாமாவின் கையில் தன் வேப்பிலையைக் கொடுத்தார்.

"முன்னால போங்க மச்சான்."

"எனக்குப் பயமா இருக்கு மச்சான்."

"இருக்கட்டும். அதோடயே போங்க."

மாமா போனார். மறுபடி உறுமி எழுந்தது. நெருப்பில் இறங்காத பெண்கள் பால்குடத்தோடு குழியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் சுற்றினார். எங்கள் தோட்டத்தில் எந்த ஆம்பளையும் அப்படிச் சுற்றிப் பார்த்ததில்லை. அவர் கை ஈரமாக இருந்தது. நான் தலையைத் தூக்கவே இல்லை.

"உங்கப்பா பொம்பள வரிசைலா!" என்று எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் ரொம்ப நாள் கத்தினார்கள். அதற்கு அழுதேன். ஆனால் பயம் வேறு. ஆத்தா கோபித்துக்கொண்டு அப்பாவை விட்டுப் போய்விட்டாள், இனி என்னென்ன வருமோ என்கிற பயம். எனக்கு அம்மை போட்டபோது அதனால்தான் என்றிருந்தேன். பின்னால் முதலாளி தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட, நாங்கள் சாமான்களோடு லாரியில் டவுனை ஒட்டிய சிலிபினுக்குக் குடிவந்தபோதும் அதனால்தான் என்றிருந்தேன். அப்பா அதற்கப்புறம் எந்தக் கடையிலும் காலைத் தூக்கிக் காட்டவில்லை. அதைக்கூட அவருக்கு வந்த தண்டனை என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆத்தா வரவில்லை என்று அப்பாவே சொன்னாரே. அதை அப்படியே நம்பிவிட்டேன். அன்றைக்கு என் காலை மிதிக்காமல் ஒதுங்கியதும், மாமாவுக்கு வேப்பிலையைக் கொடுத்ததும் யார் என்று யோசிக்கவே இல்லை.