பென்சில் படாத கழுத்து

மதுரை தெற்குமாசி வீதியில் படக்கடை வைத்திருந்த நைனா முகமது, இருபது வருஷத்துக்கு மேல் வாத்தியக்காரர்களைப் படம் எடுத்தார். அவர்களில் பாதிப்பேர் பிணங்கள். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று நம்பிய காலம். வாசிக்கத் தெம்பிருக்கும்வரை கேமரா முன்னால் வரமாட்டார்கள். செத்தபிறகு நாற்காலியில் சாய்த்து, மடியில் வாத்தியத்தை வைத்து, நைனாவுக்கு ஆள் அனுப்புவார்கள். வெளிச்சம் பட்டால் சாவு வருமென்றால் வயலில் நிற்பவன் ஒருத்தனாவது மிஞ்சுவானா என்று எல்லோரிடமும் வாதாடுவார் நைனா.

அந்த வாதத்தைக் கேட்டுச் சிரித்து, உயிரோடு வந்தவன் முத்திருளன். மேற்கே ஒரு கிராமத்து நாயனக்காரன். பண்ணையார் வீட்டு விசேஷம் எதுவும் அவன் நாயனம் இல்லாமல் நடக்காது. ஆனால் அவன் தெருக்காரர்கள் ஊருக்குள் சட்டை போடக்கூடாது, உட்காரக்கூடாது. அவன் மூச்சுக் காற்று சாமிக்கு ஆகும். அவன் முதுகில் சட்டை ஆகாது. இதற்குப் பெயர் தர்மம்.

வாடிக்கைக்காரர்களுக்காகக் கடையில் ஒரு கோட்டு தொங்கும். முத்திருளன் அதையே பார்த்தான்.

"நான் போடலாமா பாய்?"

"போடத்தானப்பா தொங்குது."

கோட்டு மாட்டி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். அழகான படம். நைனா அதை வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். சித்திரைத் திருவிழாவுக்கு வந்த கூட்டத்தில் பண்ணையாரும் வந்தார். பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றார். சகுனம் பார்க்காத நைனாவுக்கே அந்த நிற்பு பிடிக்கவில்லை.

ஆடியில் ஆள் வந்தது. முத்திருளன் கண்மாய்க்கரையில் செத்துக் கிடந்தானாம். ஊர் முழுக்க ஒரே பேச்சு: படம் பிடித்துக்கொண்டான், ஆயுசு போயிற்று. அதற்குமேல் யாரும் எதையும் விசாரிக்கவில்லை.

நைனா போனபோது பிணத்தை நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். நாற்காலி பண்ணையார் வீட்டிலிருந்தே வந்திருந்தது. கழுத்தை மூடித் தடிமனாக மாலை. பண்ணைக் காரியக்காரர் கண்ணுச்சாமி குடை பிடித்துப் பக்கத்தில் நின்றார். நைனா கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபோது, முத்திருளன் மனைவி இருளாயி மாலையைச் சரிசெய்வதுபோல் ஒதுக்கிவிட்டு விலகினாள். கழுத்தைச் சுற்றிக் கயிற்றுத் தடம். நைனா அப்படியே படத்தை எடுத்தார்.

மறுநாளே கண்ணுச்சாமி கடைக்கு வந்துவிட்டார். அம்மைத் தழும்பைக்கூட, படம் பதிந்த கண்ணாடித் தகட்டில் பென்சில் வைத்து மறைப்பவர் நைனா என்பது அவருக்குத் தெரியும்.

"கழுத்துல ஏதோ கறை விழுந்திருக்குமாம். அதையும் சரி பண்ணிருங்க பாய். நீங்களும் பொழைக்கணும்ல?"

நைனா தகட்டை எடுத்துக்கொண்டு இருளாயியைத் தேடிப் போனார். தடத்தை அப்படியே விட்டால் ஆபத்து தன்னைவிட அவளுக்கு அதிகம் என்று சொன்னார். அவள் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"குளிப்பாட்டுனது நான். பென்சில் வைக்காதீங்க பாய்."

நைனா அதைப் பெரிதாக அச்சிட்டு, கோட்டுப் போட்ட படத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார். வீதி கூடியது. அந்தத் தடத்தைப் பார்த்த பிறகு ஆயுசுக் கதையை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. போலீஸ் வந்து படத்தைப் பார்த்தது. பண்ணைக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டுத் திரும்பியது. ஒரு காலையில் பெட்டிக் கண்ணாடி உடைந்து கிடந்தது. நைனா வேறு கண்ணாடி போட்டார்.

பிறகு ஒருநாள் முத்திருளனின் தம்பி சுடலை அண்ணனின் நாயனத்தோடு வந்தான். கோட்டை அவனே எடுத்து மாட்டிக்கொண்டு, அன்று அண்ணன் உட்கார்ந்த கடை நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எடுங்க பாய்."

படம் யாரையும் கொல்லாது என்று ஊரெல்லாம் வாதாடிய மனிதரின் கை, லென்ஸ் மூடியின்மேல் நின்றது. எதிர்க்கடை வாசலில், மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல், கண்ணுச்சாமியின் குடை விரிந்திருந்தது. சுடலையும் அதைப் பார்த்தான். கால்மேல் கால் போட்டான்.

நைனா மூடியைக் கழற்றினார்.