நான் ஊற்றாத தண்ணீர்

எங்கள் வீட்டு ஸ்நேக் பிளான்ட் அழுக ஆரம்பித்தபோது நான் முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன்.

புதுக்கோட்டையில் இந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்த புதிதில், என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் டீச்சர் கொடுத்த செடி அது. விறைப்பாக நிற்கும் நீள இலைகள், ஓரத்தில் மஞ்சள் கரை. "மண்ணு நல்லாக் காஞ்ச பெறகு கொஞ்சமாத் தண்ணி ஊத்துங்க, போதும். அதிகமா ஊத்துனாத்தான் செத்துப்போகும்" என்றார். கூடத்தில், நேர் வெயில் படாத ஜன்னலோரம் வைத்தேன்.

வீட்டில் நானும் மாமனாரும்தான். கணவருக்கு துபாயில் வேலை. மாமியார் போன பிறகு மாமாவை மணமேல்குடிப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக விட மனமில்லாமல் அழைத்து வந்திருந்தோம். செடியைப் பார்த்ததும் அவர் சிரித்தார். "இது மருளு சாதில்ல? எங்கூரு வேலியோரம் பூராக் கெடக்கும். இதப் போயி வீட்டுக்குள்ள வச்சிருக்கியே ஆத்தா." அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்பியதாகவே எனக்குத் தெரியவில்லை.

சில மாதங்கள் செடி நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு இலை அடியில் மஞ்சளாகிச் சாய்ந்தது. தொட்டேன், கையோடு வந்துவிட்டது, கெட்ட வாடையோடு. மண் சொதசொதவென்று இருந்தது. அந்த வாரம் நான் தண்ணீரே ஊற்றவில்லை. அல்லது ஊற்றினேனா? காலையில் சமைத்து, டப்பா கட்டி, பள்ளிக்கூடம் போக குளத்தூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் நான். கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்த்த நாட்கள் உண்டு.

அடியோடு தண்ணீரை நிறுத்தினேன். மண் காயவில்லை. சுவரில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வைத்தேன். மாடியிலிருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் இன்னொரு சாவி இருக்கிறதா என்றுகூடக் கேட்டுவிட்டேன். "எங்கட்ட ஏதும்மா சாவி?" என்று அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மாமாவிடமும் கேட்டேன். "எனக்கு எதுக்கு அந்தச் சோலி?" என்றார்.

கணவரிடம் போனில் சொன்னேன். "நீதான் ஊத்திட்டு மறந்திருப்பே. ஒழுங்காத் தூங்குறியா?" என்றார். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு என்மேலேயே பயம் வந்துவிட்டது. சாம்பாரில் உப்புப் போட்டோமா என்று அடுப்படியிலேயே நின்று யோசிக்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் பரீட்சை முடிந்து மதியமே வீடு திரும்பினேன். கதவு திறந்தே இருந்தது. மாமா ஜன்னலோரம் குனிந்து, செம்பிலிருந்து செடியைச் சுற்றி மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். நான் இல்லை.

"மாமா."

திரும்பினார். "என்ன ஆத்தா, வெள்ளனவே வந்துட்டே?"

"செடிக்குத் தண்ணி ஊத்துறீங்களா?"

"இல்லையே." கையிலிருந்த செம்பைப் பார்த்தார். "குடிக்க எடுத்தேன்" என்று சொல்லி மீதியைக் குடித்தார்.

அவர் முகத்தில் பொய் சொல்லும் தடுமாற்றம் துளியும் இல்லை. மறந்துவிட்டாரா, நான் கோபப்படுவேன் என்று மறைக்கிறாரா? அவர் சொன்ன நிதானத்தில், நான் பார்த்தது சரிதானா என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

போனில் சொன்னதும் கணவருக்கு முதலில் கோபம் வந்தது. "எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு." பிறகு, "மறதியா இருக்குமோ?" என்றார். டாக்டரிடம் அழைத்துப் போனேன். கிழமை, மாதம், ஊர் என்று கேட்டதற்கெல்லாம் மாமா டக்டக்கென்று பதில் சொன்னார். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, கொஞ்ச நாள் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் கூழாகியிருந்தது. நல்லதாக இருந்த ஒரே இலையை அறுத்து, வெட்டிய இடம் காயும்வரை நிழலில் போட்டு, மணல் கலந்த மண்ணில் நட்டு என் அறையில் வைத்துக்கொண்டேன். மாமாவுக்குத் தண்ணீர் ஊற்ற ஆசையாக இருக்கலாம் என்று கொல்லையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கி வைத்தேன். அதற்கு அவர் ஒருநாளும் தண்ணீர் ஊற்றவில்லை. நான்தான் ஊற்றினேன்.

மாதங்கள் கழித்து இலையின் அடியில் குருத்து விட்டது. ஆனால் வெறும் பச்சை. மஞ்சள் கரையைக் காணோம். வேறு எதையாவது நட்டுவிட்டேனோ என்று குழம்பி, போனில் தேடினேன். இலையிலிருந்து வளர்த்தால் கரை வராதாம். மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். "இது அந்தச் செடி இல்ல. அதுக்கு மஞ்சக் கரை இருந்துச்சு. பழச எங்க கொண்டு போட்டே?"

"அதேதான் மாமா. அதோட எலையிலேருந்து வந்தது."

"என்னைய ஏமாத்தாத ஆத்தா" என்றார். குரல் உடைந்திருந்தது. வாசல் வரை போய்க் குப்பை வாளியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். "அது செத்துப்போச்சு மாமா" என்றேன். "அப்பிடிச் சொல்லு" என்று அமைதியாகி உட்கார்ந்துவிட்டார். நான் சொன்னது பொய்யா நிஜமா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் கணவர் லீவில் வருகிறார். திருச்சியில் பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்று பேசியிருக்கிறோம். மாமாவிடம் சொன்னபோது, "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"சும்மா செக்கப்தான் மாமா" என்றேன்.

"போயிட்டு வாங்க. வீட்ட நான் பாத்துக்கிறேன்" என்றார்.