கழுவிய தண்ணீரில் ஒரு பந்து

ஆய்வகத்தில் அவளுக்கு வைத்த பெயர் சோப்பம்மா. வீட்டில் கணவர் குடித்து முடிப்பதற்குள் டம்ளர் கழுவியாகிவிடும்.

எச்.ஐ.வி. வகையைச் சேர்ந்த ரெட்ரோவைரஸின் புரதம் ஒன்றைச் செல்களிலிருந்து பிரித்து, தூசு தும்பில்லாமல் கழுவித் தருவது அவள் வேலை. ஆயிரக்கணக்கான புரதங்கள் ஒட்டிக்கொண்டு பந்தாகத் திரண்டால்தான் வைரஸே உருவாகும். அவள் கழுவிய புரதங்களோ, கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி தனித்தனியாக நின்றன.

"சாயங்காலத்துக்குள்ள பந்து தெரியலன்னா, இந்த வேலைய வேற ஆய்வகத்துக்குக் குடுத்துடலாம்மா" என்று பேராசிரியர் காலையிலேயே சொல்லிவிட்டார். இத்தனை வருட உழைப்பு, ஒரே வாக்கியத்தில் போயிற்று.

கடைசி முறையாகக் கழுவிக்கொண்டிருந்தபோது கணவரிடமிருந்து போன். எடுத்ததுமே அவள்தான் கேட்டாள்.

"பால் பாத்திரத்த ஊறப்போட்டீங்களா?"

"போட்டேனே."

"தண்ணி ஊத்தியா, சும்மாவா?"

மறுமுனையில் அவசரமாகக் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அந்த வழக்கை விசாரித்து முடித்ததில், கழுவிய தண்ணீரைக் கொட்ட மறந்துபோனாள்.

பிறகு, பறிபோகப்போகிற புரதத்தின் படத்தைத் திரையில் ஆசைதீரப் பார்த்தாள். ஆறு ஆறாக வளையம் கட்டி நிற்க வேண்டியவை. ஆறும் நடுவில் ஆளுக்கொரு கையை நீட்டுகின்றன. ஆறு கையிலும் நேர்மின்னூட்டம். அப்புறம் எப்படிச் சேரும்? ஒன்றையொன்று தள்ளத்தானே செய்யும்! நடுவில் எதிர்மின்னூட்டத்தோடு ஏதாவது வந்து உட்கார்ந்தால்தான் சமாதானம். செல்லுக்குள் அப்படி ஒன்று இருந்திருக்கும். அதைத்தான் அவள் கழுவிக் கழுவி...

திரும்பினாள். கொட்டாத தண்ணீர் மேசைமேல் சாதுவாக இருந்தது.

சுத்தமான புரதத்தில் அதைக் கலந்து, சோதனைக் குழாயோடு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் அறைக்கு மாடிப்படி ஏறி ஓடினாள்.

"என்ன சோப்பம்மா, கலங்கலா இருக்கு?" என்றார் மைக்ராஸ்கோப்காரர்.

"கழுவுன தண்ணிண்ணே."

"நீங்களா?" மழை வருகிறதா என்று ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

திரை தெளிந்தது. பந்து. பக்கத்தில் இன்னொன்று. நகர்த்த நகர்த்தப் பந்துகள்.

"தூசியா இருக்குமோ?"

"தூசிக்கு ஆறு ஆறா அடுக்கத் தெரியாதுண்ணே."

பேராசிரியர் செய்தி கேட்டு மூச்சிரைக்க வந்து பார்த்தார். தண்ணீர் கலக்காத குழாயையும் பார்க்கச் சொன்னார். அதில் ஒன்றுமில்லை.

"அந்த ஆய்வகத்துக்கு இப்பவே போன் பண்ணி இல்லன்னு சொல்லிடறேன். வளையத்துக்குள்ள உக்காந்திருக்கறது என்னன்னு நீயே கண்டுபிடி."

அவள் போன் அடித்தது. கணவர்.

"பாத்திரத்த இன்னும் தேய்க்கலம்மா. திட்டாத."

"அப்படியே இருக்கட்டுங்க."

"ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அதற்குள் அவள், மேசைமேல் இருந்த மீதித் தண்ணீரை யாரும் கொட்டிவிடாமல் காப்பாற்றப் படியில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.