டேங்குக்கும் காயிலுக்கும் நடுவே

"எவனுக்கும் வண்டி ஓட்டத் தெரியல. தப்புத்தப்பா ஓட்டிட்டு, மெக்கானிக் சரியில்லன்னு வந்து நிக்கறானுங்க."

காலையில் ஷெட்டின் ஷட்டரைத் தூக்கும்போது ஸ்பேனர் இதைச் சொல்வார். சாப்பிடக் கை கழுவும்போது சொல்வார். படுக்கையில் புரண்டு படுக்கும்போதும் சொல்வார். அவர் மனைவிக்கு அது சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மாதிரி. நின்று போனால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

ஸ்பேனர் என்பது ஊர் வைத்த பெயர். பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பவர். கை சுத்தமான மனுஷன்தான். வாயைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அவருடைய ஒரே பெண்ணைக் கொடுத்த வீட்டில், மாப்பிள்ளையின் அப்பா ஒரு ரிட்டயரான சர்வேயர். மனைவி போன பிறகு அவருக்கு மிச்சமிருந்த துணை ஒரு பழைய மோட்டார் சைக்கிள். நூலகத்துக்கு, கூட வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கு, சும்மா ஆற்றுப் பாலம் வரைக்கும் என்று அதில் போய்க்கொண்டிருந்தார். யாரையும் எதற்கும் எதிர்பார்க்க மாட்டார்.

ஒருநாள் அந்த வண்டியின் காயில் எரிந்து போனது. பிளக்கில் பொறி வருவதற்குக் கரண்டு கொடுக்கும் சாமான் அது. பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஒளிந்து உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்துக் காயில் எங்கும் கிடைக்கவில்லை. ஸ்பேனர் வேறொரு வண்டியின் காயிலை மாட்டினார். அது கொஞ்சம் குண்டு. டேங்குக்கு அடியில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

"ஜம்முனு உக்காந்துடுச்சு சம்பந்தி. இனிமே உங்க ஆயுசுக்கும் கவலையில்ல," என்றார்.

போன வண்டி வழியிலேயே நின்றது. வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பொசுக்கென்று அணைந்தது. சர்வேயர் தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்பேனர் எடுத்து ஓட்டினார். சிங்கம் மாதிரி ஓடியது. மறுபடி போனார், மறுபடி நின்றது. மறுபடி ஸ்பேனர் ஓட்டினார், மறுபடி சிங்கம்.

இங்கேதான் சங்கதி. ஷெட்டுக்கு எந்த வண்டி வந்தாலும் ஸ்பேனர் முதல் வேலையாக டேங்கிலிருக்கும் பெட்ரோலை வடித்துவிடுவார். நெருப்புப் பொறி பறக்கிற இடம், பயம். ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு சின்னப் பாட்டில் அளவு ஊற்றி, சமதளமான தன் தெருவில் ஒரு சுற்று சுற்றுவார். சர்வேயரோ பங்க்கில் வாய் வரைக்கும் நிரப்பாமல் வண்டியை எடுக்கவே மாட்டார். ஒருவர் காலி டேங்கில் ஓட்டினார், இன்னொருவர் நிறைந்த டேங்கில் ஓட்டினார். அது ரெண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

கடைசியில் நாற்சந்தி நடுவில், பின்னால் லாரி வரும்போது வண்டி அணைந்தது. லாரிக்காரர் பிரேக் போட்டதால் சர்வேயர் பிழைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய சித்தப்பா, சித்தி எல்லோரும் இருந்தார்கள். பேச்சு வண்டியில் வந்து நின்றது.

"வண்டியில ஒண்ணுமில்ல மாப்ள," என்றார் ஸ்பேனர், வாயில் சோற்றோடு. "சம்பந்திக்குக் கை நடுங்குது. கிளட்ச்சப் படக்குனு விட்டுடறாரு. வயசாச்சுல்ல? சாவிய வாங்கி உள்ள வைங்க."

சித்தப்பா சிரித்தார். "அண்ணனுக்கு மூணு சக்கரம் வாங்கிக் குடுத்துடலாம்!"

சர்வேயர் தட்டைப் பார்த்தபடி இருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் தானாகவே மகன் பக்கம் நகர்த்தி வைத்தார். அதன்பிறகு அவர் வெளியே போனால் யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். யாருக்கு நேரமிருக்கிறது? அவர் போவதையே விட்டுவிட்டார்.

கொஞ்ச காலம் கழித்து மாப்பிள்ளை, "மாமா, சும்மாதானே நிக்குது, யாருக்காவது தள்ளி விட்டுடுங்க," என்றார். ஸ்பேனர் போய் வண்டியை எடுத்தார். டேங்கில் சர்வேயர் கடைசியாக நிரப்பிய பெட்ரோல் தளும்பிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்ட் எதிரில் வேகத்தடை. ஏறி இறங்கியதும் பொசுக்.

பின்னால் ஆட்டோ ஹாரன். "யோவ் பெருசு! ஓட்டத் தெரியலன்னா எறங்கித் தள்ளுய்யா! கை கால் நடுங்குற வயசுல உனக்கெதுக்கு வண்டி?"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஸ்பேனருக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது. ஷெட் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.

பெட்ரோலை வடிக்காமல் டேங்கைக் கழற்றித் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார். பெயிண்ட் போய்ப் பொட்டு மாதிரி கருகிய ஒரு புள்ளி. நேர் கீழே, காயிலின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த சின்ன போல்ட், உரசி உரசிப் பளபளவென்று இருந்தது. டேங்கைத் தாங்கும் ரப்பர்கள் நைந்து போயிருந்தன. பெட்ரோல் பாரத்தில் டேங்கு இறங்கி, குலுங்கும்போதெல்லாம் போல்ட்டைத் தொட்டிருக்கிறது. பொறிக்குப் போக வேண்டிய கரண்டு டேங்கு வழியாக வண்டியின் உடம்பில் இறங்கிவிட்டது.

அவர் அப்படியே சாக்கில் உட்கார்ந்துவிட்டார். டீ கொண்டு வந்த மனைவி பார்த்தாள், கேட்டாள், புரிந்துகொண்டாள்.

"யாருக்கும் தெரியாது," என்றார் அவர். "சரி பண்ணி வித்துட்டா முடிஞ்சுது."

"வித்துடுங்க. அப்படியே உங்க மூஞ்சியையும் சேத்து வித்துடுங்க. பொண்ணு வீட்டுக்குப் போக அது இனிமே எதுக்கு?"

ஸ்பேனர் எழுந்து சமையலறைக்குப் போய்ப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு உருண்டை கிள்ளினார்.

"அய்யோ, அந்தக் கையோடயா? திங்கற மாவ வண்டிக்கு அப்பற மனுஷன நான் ஒருத்திதான் கட்டியிருப்பேன்!"

நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க, மாவைப் போல்ட்டின் மேல் வைத்து டேங்கை மாட்டினார். "ஏறி உக்காரு" என்றார். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். பின்னால் அவரும் உட்கார்ந்து குலுக்கினார். டேங்கை எடுத்தால் மாவு நசுங்கி, போல்ட் தலை வெளியே எட்டிப் பார்த்தது.

பட்டை இரும்பை வளைத்துக் காயிலைப் பக்கவாட்டில் கீழே இறக்கினார். டயரை வெட்டி டேங்குக்குப் புது மெத்தை வைத்தார். போல்ட்டுக்கு ரப்பர் தொப்பி போட்டார். மறுபடி மாவு, மறுபடி குலுக்கல். இந்த முறை மாவு விரல் கனத்துக்கு நின்றது.

"இப்பக் கொண்டுபோய் விட்டுடறேன்," என்றார்.

"ஞாயித்துக்கிழமை போலாம். எல்லாரும் வரட்டும். எல்லார் முன்னாடியும் சொன்னத அவர் காதுல மட்டும் போய் ஓதப் போறீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை அதே மேஜை, அதே ஆட்கள். ஸ்பேனர் உட்காரவில்லை.

"சம்பந்தி, உங்க கையில குத்தமே இல்ல. காயில நான்தான் இடமில்லாத எடத்துல திணிச்சேன். வண்டி அதனாலதான் நின்னுது. நீங்க லாரியில மாட்டியிருந்தா..."

சித்தப்பா மின்விசிறியைப் பார்த்தார். பெண், அப்பாவுக்கென்று எடுத்து வந்த தண்ணீரை மேஜையில் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். மாப்பிள்ளை எழுந்து சாவியைக் கொண்டு வந்து தன் அப்பா முன்னால் வைத்தார்.

"அப்போ நடுங்கலையா?" என்றார் சர்வேயர்.

"இல்லீங்க."

"இப்ப நடுங்குது சம்பந்தி. நீங்க சொன்னதுலேர்ந்து டம்ளரப் பிடிச்சாக்கூட நடுங்குது."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஸ்பேனர் தாங்கியிருப்பார். மனுஷன் ஒரு தகவல் மாதிரி சொன்னார். சாவியைத் தொடவில்லை.

வண்டி இப்போது சர்வேயர் வீட்டு கேட்டுக்குள் நிற்கிறது. ஸ்பேனர் சாயங்காலம் ஷெட்டைப் பூட்டியதும் அங்கே போகிறார். உதைத்து ஓட விடுகிறார், அணைக்கிறார், துடைத்ததையே துடைக்கிறார். உள்ளே நாற்காலியில் சர்வேயர் பேப்பர் படிக்கிறார். ஒருமுறை எழுந்து வந்து, கிளட்ச்சை அழுத்தி மெல்ல மெல்ல விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஸ்பேனரும் தலை நிமிரவில்லை.

சாயங்காலம் சர்வேயர் தெருப் பக்கம் போனால் ஸ்பேனரைப் போய்ப் பாருங்கள். அவராக முகம் கொடுக்க மாட்டார். நீங்கள்தான் பேச்சுக் கொடுக்க வேண்டும். அப்படியே உள்ளே எட்டிப் பார்த்து, "சார், பாலம் வரைக்கும் என்னையும் ஏத்திக்கிட்டுப் போறீங்களா?" என்று பெரியவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். சொந்தக்காரர்கள் கேட்டால் சமாதானம் பேசுகிறார்கள் என்று நினைக்கிறார். வேற்று மனுஷர் கேட்டால் சாவியை எடுத்தாலும் எடுப்பார்.