கொலுப்படிக்குக் கீழே

இடிந்து விழப்போகும் கட்டடத்துக்கு நோட்டீஸ் கொடுக்கும் முறையை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் மட்டாஞ்சேரியில் அதிகம் பேர் இருக்க முடியாது. வேலை பார்த்த காலம் முழுவதையும் கட்டடப் பிரிவில்தான் கழித்தேன். முதலில் புகார் வர வேண்டும். புகாரைப் படித்து ஓவர்சியர் வர வேண்டும். அவர் சுவரைப் பார்த்துத் தலையை ஆட்டி, சாயா குடித்துவிட்டுப் போய் அறிக்கை எழுத வேண்டும். பிறகு நோட்டீஸ், உரிமையாளரின் கையில் சேர வேண்டும். அவர் அகப்படவில்லை என்றால் அந்தக் கட்டடத்தின் சுவரிலேயே ஒட்டிவிடலாம். அதுவரை சுவர் நின்றாக வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. அதைச் சுவரின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள்.

இந்த ஞானம் வேலையில் சேர்ந்தபின் வந்ததல்ல. ஒன்பது வயதில் எங்கள் வீடு என் தலைமேல் விழுந்தபோதே அடிப்படைப் பாடம் முடிந்துவிட்டது.

கடைத்தெருவை ஒட்டிய சந்தில் மாடியில் குடியிருந்தோம். கீழே சுக்குக் கிடங்கு. தரையிலிருந்து எங்கள் மரத்தளம்வரை மூட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் எல்லாமே சுக்கு மணத்தன, பள்ளிக்கூடப் புத்தகமும் பாயசமும்கூட. விருந்தாளிகள் படியேறும்போதே தும்முவார்கள். யாரோ வருகிறார்கள் என்று அம்மா பாலை அடுப்பில் வைப்பாள்.

அந்த வருஷம் பின்பக்கச் சுவர் வயிறு தள்ள ஆரம்பித்தது. அப்பா புகார் எழுதினார். ஓவர்சியர் வந்தார், தலையை ஆட்டினார், சாயா குடித்தார். அப்பா அதோடு நிற்காமல் பள்ளுருத்தியில் வேறு வீடு பார்த்து, மாட்டுவண்டிக்கும் சொல்லி வைத்துவிட்டார். அப்போதுதான் அம்மாவுக்கு நவராத்திரி ஞாபகம் வந்தது.

“அங்க கூடம் கோழிக்கூடு மாதிரின்னா இருக்கு. இந்த வருஷம் கொலு இங்கயே வெச்சுட்டுப் போலாம், கேட்டேளா. இத்தனை வருஷம் நின்ன சுவர் இன்னும் பத்து நாள் நிக்காதோ?”

“நிக்கும். எதுக்கும் சுவர்கிட்டயும் நீயே ஒரு வார்த்தை சொல்லிடு” என்றார் அப்பா.

வண்டிக்காரனைப் பிறகு வரச் சொன்னார்கள். பொம்மைகளை ஒருமுறை படியில் ஏற்றிவிட்டால் விஜயதசமிக்கு முன் அசைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டில் எந்த விதியையும்விடப் பெரிய விதி. எனக்கு இதில் பரம சந்தோஷம். பள்ளுருத்திக்குப் போய்விட்டால் பஷீரை எப்போது பார்ப்பது? சந்தின் எதிர்வரிசையில் இருந்த பஷீர் என் வகுப்புதான். நவராத்திரி ஒன்பது நாளும் சுண்டல் நேரத்தை அவன் என்னைவிடத் துல்லியமாக அறிவான்.

அந்த வருஷக் கொலுப்படியைச் செய்தவர் சித்தப்பா. அவருக்கு வில்லிங்டன் தீவில் சரக்குக் கணக்குப் பார்க்கும் வேலை. கப்பலில் சரக்கு நகராமல் முட்டுக் கொடுக்கும் பெரிய கட்டைகளை அங்கே ஏலத்தில் விடுவார்கள். அவற்றை வாங்கி வந்து, போல்ட்டும் நட்டும் போட்டு முறுக்கி, ஐந்து படிகள் கட்டினார். நகர்த்த நாலு பேர் வேண்டியிருந்தது.

“எதுக்குடா இத்தனை கட்டை? ஆனைய நிறுத்தப் போறயா?” என்று அப்பா கேட்டார்.

“பொம்மை விழப்படாதுன்னு மன்னிதான் சொன்னா, அண்ணா.”

“பொம்மை விழாது. வீடு விழும்.”

அப்பா சொன்னது பலிப்பது அபூர்வம். அது அந்த வருஷம் பலித்தது.

எங்கள் வீட்டில் பாடினால்தான் சுண்டல். பஷீருக்கு அதில் கூச்சமே கிடையாது. முதல் நாள், படகுத்துறையில் கேட்டுக் கற்ற ஒரு பாட்டை உரத்த குரலில் பாடினான். மூன்றாவது வரியில் வந்திருந்த மாமிகள் எல்லாரும் விட்டத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். அம்மா அவசரமாக அவன் கையில் சுண்டலைத் திணித்து, “போதும்டா கண்ணா, இனிமே அந்தப் பாட்டு இந்த ஆத்துல வேண்டாம்” என்றாள். அந்தப் பாட்டில் என்ன குறை என்று எங்கள் இருவருக்குமே விளங்கவில்லை.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, சாயங்காலம். துலா மாதத்து மழை பிடித்துக்கொண்டு பெய்தது. கீழே வாசலில் தும்மல் கேட்டது. அது பாட்டு டீச்சர் மாமியின் தும்மல் என்று எனக்குத் தெரியும். பாடும் பிள்ளைகளைச் சுருதி சேரும்வரை விடமாட்டாள். அம்மா குடையோடு எதிர்கொண்டழைக்க இறங்கிப் போனாள். அப்பாவும் சித்தப்பாவும் வேலையிலிருந்து வரவில்லை. நானும் பஷீரும் ஒருவரையொருவர் பார்த்தோம். சுண்டல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, படிகளின்மேல் விரித்துத் தொங்கவிட்டிருந்த பட்டுப்புடவையை விலக்கி, கொலுப்படிக்கு அடியில் புகுந்தோம்.

நாலு வாய்கூட உண்டிருக்க மாட்டோம். ஒரு லாரி மாடியேறி வருவதுபோல் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தேனா மூடினேனா என்று தெரியாத இருட்டு. வாய் நிறைய சுண்ணாம்பு.

“எடா” என்றான் பஷீர், என் காதருகில். “நாம மரிச்சுபோயோ?”

செத்துவிட்டோமா என்று கேட்கிறான். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

“சுண்டல் கையில உண்டல்லோ” என்று அவனே யோசித்தான். “மரிச்சா சுண்டல் உண்டாவுமோ?”

வாதம் பலமாகவே பட்டது. இருவரும் ஒரு வாய் போட்டுக்கொண்டு உறுதி செய்துகொண்டோம். நிறைய மண், ஆனாலும் சுண்டல்தான்.

பின்பக்கச் சுவர் போய், அதோடு கூரையும் ஓடும் உத்தரமும் கூடத்தில் இறங்கியிருந்தன. மேலே எங்கேயோ அம்மா என் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. அது அம்மாவின் குரல் என்று தெரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. பக்கத்துக் கிடங்குகளிலிருந்து மூட்டை சுமப்பவர்கள் ஓடி வந்து ஓட்டைப் புரட்டத் தொடங்கியிருந்தார்கள். எந்தப் பக்கம் தோண்டுவது என்று அவர்களுக்குள் சண்டை. அப்போது பஷீர் தொண்டையைச் செருமி, அவனுக்கு முழுதாகத் தெரிந்த ஒரே பாட்டைப் பாட ஆரம்பித்தான்.

மேலே சண்டை நின்றது. “இது நம்மட பாட்டாணல்லோ” என்று ஒருவர் சொன்னது கேட்டது. மூன்றாவது வரி வந்ததும் பஷீர் தயங்கினான். இந்த ஆத்தில் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களே.

“நிறுத்தாதேடா!” என்று அம்மா அலறினாள். “பாடு, பாடு, பஷீரே, இன்னும் உரக்கப் பாடு.”

பாட்டைப் பிடித்துக்கொண்டே வந்து எங்களைத் தோண்டி எடுத்தார்கள். எனக்கு நெற்றியில் ஒரு கீறல். பஷீருக்கு அதுவும் இல்லை.

அதன்பிறகு இந்தப் பிழைப்புக்கு யாருக்கு நன்றி சொல்வது என்ற வழக்கு தொடங்கியது. பாட்டு டீச்சர் மாமி அம்பாள் என்றாள். மழையில் செருப்பில்லாமல் ஓடி வந்த பஷீரின் உம்மா படைச்சோன் என்றாள். சித்தப்பா கடவுள்களை மறுக்கவில்லை. ஆனால் போல்ட் எத்தனை அங்குலம் என்பதை வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கிடங்கு முதலாளி, தன் சுக்கு மூட்டைகள் தாங்கியிராவிட்டால் தளமும் படியும் பிள்ளைகளும் சேர்ந்து கீழே போயிருப்பார்கள் என்றார். அவர் சொன்னதும் நியாயம். எல்லாரும் முறை போட்டு நன்றி சொன்னார்கள், தேங்காய் உடைத்தார்கள், அனாதைப் பிள்ளைகளின் யத்தீம்கானாவுக்கு அரிசி கொடுத்தார்கள். பல வாரங்கள் கழித்து நோட்டீஸும் வந்தது. சுவர் இல்லாததால் மிச்சமிருந்த கதவுச் சட்டத்தில் ஒட்டினார்கள். நடைமுறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பஷீர் இன்று தோப்பும்படியில் மகனுடைய பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறான். இருவருக்கும் வயது எழுபதை நெருங்குகிறது. உப்பு, சர்க்கரை, முட்டிவலி என்று கேட்டதும் கேட்காததும் கிடைத்திருக்கின்றன. எல்லாமே அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு இலவசமாக வந்தவை என்பதால் நாங்கள் குறை சொல்வதில்லை. சொன்னாலும் மெதுவாகத்தான் சொல்வோம்.

நன்றி சொல்லும் அந்தக் கூட்டத்தில் அம்மா மட்டும் சேரவில்லை. அது எனக்கு அப்போது பெரிய ஆச்சரியம். வீடு விழுந்த அன்று இரவு நாங்கள் பஷீர் வீட்டில் தங்கினோம். உம்மா எங்கள் இருவரையும் வெந்நீரில் தேய்த்துக் குளிப்பாட்டி, பஷீரின் சட்டைகளையே இருவருக்கும் போட்டுவிட்டாள். அம்மா அறைமூலையில் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாள். பொம்மை போன துக்கம் என்று நான் நினைத்தேன்.

“சேச்சி, ஒரு சாயா குடிக்கி” என்று உம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். “குட்டிகள் ரெண்டும் இருக்கில்லே. பின்னே எந்தினா கரயுன்னது?”

“அவர் வண்டி சொல்லியாச்சு, உம்மா. கொலு கொலுன்னு நான்தான் போகவிடாம பிடிவாதம் பிடிச்சேன். எம்பிள்ளை மட்டுமா, உங்க பிள்ளையும்னா உள்ள இருந்தான்.”

உம்மா தன் டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, “சுவர் தள்ளி நிக்கறது ஞானும் திவசம் கண்டதல்லே. எந்நிட்டும் எந்நும் ஞான் இவன விட்டில்லே” என்றாள். தினமும் பார்த்தும் மகனை அனுப்பினாளாம்.

இரண்டு பெரியவர்கள் இப்படி உட்கார்ந்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விஷயத்தைத் தீர்த்துவைப்பது என் கடமை என்று தோன்றியது.

“முன்னாடியே போயிருந்தா பஷீருக்குச் சுண்டல் கிடைச்சிருக்காதேம்மா” என்றேன்.

“அது சரியாணு” என்றான் பஷீர்.

அம்மா எங்களைப் பார்த்தாள். முதலில் உம்மாதான் சிரித்தாள், பிறகு அம்மாவும். சிரித்துக்கொண்டே எங்கள் இருவரையும் சேர்த்து இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டாள். உத்தரத்துக்கு அடியில் இதைவிட நன்றாக மூச்சு விட முடிந்தது என்று பஷீர் என் காதில் முறையிட்டான். அம்மா விடவில்லை. நல்ல பதிலாகச் சொல்லிவிட்டோம் என்ற திருப்தியில் நான் அசையாமல் இருந்தேன். அம்மாவின் கைகள் எங்களை இன்னும் இறுக்கிக்கொண்டே போயின. மழையில் நனைந்தவள் இன்னும் புடவை மாற்றவில்லையே, குளிராக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.