அம்மா பேசாமல் கிண்டிய களி

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள் நான். யார் வாசலிலும் போய் நின்றதில்லை.

இன்று காலை கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிய பேத்தி செல்வி, "பயப்படாதடி செல்வி, சூப்பர்வைசர் கத்தினா கத்தட்டும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஷூ மாட்டினாள். அதைக் கேட்ட மருமகள், "தனியாப் பேசறா அத்தை. வெள்ளிக்கிழமை மந்திரிக்கக் கூட்டிப் போகணும்" என்றாள்.

நான் பிறந்த பாகலூரில் எங்கள் அம்மாவும் இப்படித்தான். கேழ்வரகுக் களி கிண்டும்போது, "இன்னும் ரெண்டு சுத்துதான் மாதம்மா, கைய விட்டுறாத" என்று தன் பேரையே சொல்வாள். மாவு வேகும் வாசனையோடு அந்தக் குரலும் வரும்.

ஒன்பது வயதில் நான்தான் விளையாட்டாக அப்பாவிடம், "அம்மா தனியாப் பேசுதுப்பா" என்றேன். அவர் பூசாரியை அழைத்து வந்தார். பூசாரி வேப்பிலையால் அடித்து, "இனிமே பேசுவியா?" என்றார்.

"பேச மாட்டேன் சாமி."

அதன்பிறகு அம்மா வாய் திறக்காமல்தான் கிண்டினாள். பாதியில் கிண்டும் துடுப்பை விட்டுவிட்டு அடுப்பையே பார்த்து நிற்பாள். களி அடிபிடிக்கும். அவளுக்குத் தைரியம் சொல்ல இருந்த ஒரே ஆளையும் நாங்கள் விரட்டிவிட்டோம்.

நான் ஐந்து பேரை வளர்த்ததும் எனக்கு நானே பேசித்தான். யாருக்கும் கேட்காமல் பேசினேன்.

செல்வி, வேலை விட்டு வந்து நான் சொல்லச் சொல்ல எழுதினயில்ல, இப்பப் படி. உங்கம்மா அடுப்பங்கரையிலதான் இருக்கறா. அவளுக்குக் கேக்கறாப்புல சத்தமாப் படி.